புரட்டாசியில் பெருகும் நீர்த்தெள்ளு மார்கழிக்குள் எங்கே போகிறது?

கேள்வி: ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர், பீட்டர்மாரிட்ஸ்பர்க், தென்னாப்பிரிக்கா

அனைவருக்கும் வணக்கம். நகருக்கு வெளியே உள்ள எங்கள் காய்கறித் தோட்டத்துக்கு ஒரு சிறிய அணைக்குட்டையிலிருந்துதான் தண்ணீர் வருகிறது. ஆழமான இடத்திலும் அது மூன்று மீட்டரைத் தொடாது. மேட்டில் கோழிக்கொட்டகைகள் இருக்கின்றன. நாங்களும் கத்தரிக்கும் கீரைக்கும் கோழியெருவையே இடுகிறோம். எனவே கோடை மழையில் கரைந்து ஓடிவருவது அத்தனையும் இந்தக் குட்டையில் வந்து சேர்கிறது. நீரில் சத்துக்குப் பஞ்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பள்ளி நாட்களிலிருந்து என்னிடம் இருக்கும் நுண்ணோக்கியின் துணையோடு, இந்த நீரில் வாழும், இறாலின் தூரத்து உறவான டாஃப்னியா என்னும் சிறு நீர்த்தெள்ளைப் பருவந்தோறும் கவனித்து வருகிறேன். பம்பின் உறிஞ்சுகுழாய்க்கு அருகே மெல்லிய வலையால் அரித்து எடுத்து, சிறு குப்பிகளில் ஸ்பிரிட் ஊற்றி, மாதத்தை எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்.

நான் காணும் ஒழுங்கு இதுதான். ஆடியில், கோயில்களில் மாரியம்மனுக்குக் கஞ்சி வார்க்கும் குளிர்நாட்களில், நீர் இலேசான பழுப்பு நிறத்தில் கலங்கியிருக்கும். நீர்த்தெள்ளு அங்கொன்றும் இங்கொன்றுமாகவே வலையில் படும். ஆவணி முடிவில் எண்ணிக்கை ஏறத் தொடங்குகிறது. புரட்டாசி விரதம் பிறக்கும்போது சொட்டுநீர்க் குழாயின் வடிகட்டியைத் திறந்தால், செம்பழுப்புக் கூழாக அவையே அடைத்துக் கிடக்கும். அதே நேரம் குட்டையின் நீர் தெளிந்து, கரையோரச் சேற்றில் நத்தை ஊர்ந்த தடம் வரை கண்ணுக்குத் தெரியும். ஐப்பசியில் அவை சட்டென்று குறைந்துவிடும். கார்த்திகையில் நீர் பச்சையாகிறது. மார்கழியிலும், காவடி எடுக்கும் தை மாதத்திலும் காற்று ஒதுக்கும் மூலையில் பச்சைச் சாயத்தைக் கொட்டியதுபோல் பாசி படர்ந்து நாறுகிறது. சித்திரை வாக்கில் நீர்த்தெள்ளு மறுபடி தலைகாட்டும். ஆனால் புரட்டாசியில் கண்ட பெருக்கம் அப்போது இருப்பதில்லை.

எனக்கு விளங்காதது ஒன்றே. பாசியைத் தின்று வாழும் உயிர், பாசி மிக மலிந்திருக்கும் மாதங்களில்தான் ஏன் இல்லாமல் போகிறது? குட்டையில் திலாப்பியா மீனும், கொசுவை ஒழிப்பதற்கென்று முன்பு யாரோ விட்ட கம்பூசியா மீனும் இருக்கின்றன. மார்கழியில் வளர்ப்பு மீன் கடையிலிருந்து நீர்த்தெள்ளு வாங்கிவந்து விடலாமா என்றும், அடுத்த ஆடியில் நீர்மட்டம் இறங்கும்போது அடிச்சேற்றை முழுவதும் வாரிவிடலாமா என்றும் எண்ணியிருக்கிறேன். அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: நீரியல் மாணவி

ஐயா, வணக்கம். உங்கள் குறிப்புகள் நன்னீர் உயிரியலில் மிகவும் பேசப்பட்ட ஒரு மாதிரியோடு பெருமளவு ஒத்துப்போகின்றன. 1986ஆம் ஆண்டில் சோமர், கிளிவிச், லாம்பர்ட், டங்கன் ஆகிய நால்வர், ஏரிகளில் மிதவை உயிர்கள் ஆண்டு முழுவதும் ஒன்றையடுத்து ஒன்று எழுந்து அடங்கும் வரிசையை 24 கூற்றுகளாக வகுத்து எழுதினர். குளிர் விலகி வெளிச்சம் கூடும்போது, எளிதில் விழுங்கத்தக்க சிறு பாசிகள் முதலில் பெருகுகின்றன. அவற்றைத் தின்று நீர்த்தெள்ளு பெருகுகிறது. அது தின்னும் வேகம் பாசி வளரும் வேகத்தை மிஞ்சும்போது நீர் தெளிகிறது. தெளிந்த நீரில் உணவு இன்றி நீர்த்தெள்ளே மடிகிறது. சத்து மிகுந்த நீர்நிலைகளில் வசந்தத்தில் ஒன்றும் கோடை கழிந்தபின் மற்றொன்றுமாக இரண்டு எழுச்சிகள் தோன்றும் என்பதும் அந்த மாதிரியில் உண்டு. நீங்கள் சித்திரையில் காண்பது இந்த இரண்டாம் எழுச்சியாக இருக்கலாம்.

ஐரோப்பிய நூல்களை வைத்துப் படிப்பவர்கள் மாதங்களைக் கவனித்து மாற்றிக்கொள்ள வேண்டும். கான்ஸ்டன்ஸ் ஏரியில் நீர் தெளியும் காலம் மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் வருகிறது. தெற்கு அரைக்கோளத்தில் இருக்கும் நமக்கு வசந்தம் செப்டம்பரில் பிறக்கிறது. ஆழமில்லாத குட்டை விரைவில் சூடேறுவதால் எல்லாமே இன்னும் முந்திக்கொள்கிறது. புரட்டாசி உங்கள் குட்டையின் தெளிவுக்காலமாக அமைவதற்கு இதுவே காரணம்.

இந்த உயிரின் பெருக்கம் இத்தனை வேகமாக நடப்பது எப்படி என்றால், நல்ல காலத்தில் குட்டையில் இருப்பவை ஏறத்தாழ எல்லாமே பெண்கள். ஆணின் துணையின்றியே தம்மைப் போன்ற பெண்களை ஈனுகின்றன. முதுகுப்புறத்து முட்டைப்பையில் உள்ள முட்டை வளர்ந்து குஞ்சாக வெளியேறுவதற்கு 20 டிகிரி வெப்பத்தில் சுமார் 3 நாட்கள் போதும்; 10 டிகிரியில் ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. ஆடியில் அவை அருகியிருப்பதில் குளிரின் இந்த மந்தத்துக்கும் பெரும் பங்கு உண்டு. வடிகட்டியில் கண்ட செம்மையைப் பொறுத்தவரை, நீரில் ஆக்சிஜன் குறையும்போது டாஃப்னியா தன் உடலில் ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்ளும், அதனால் சிவக்கும்.

இனி உங்கள் முக்கியக் கேள்விக்கு வருகிறேன். கோடையில் மலிந்திருப்பது பாசிதான் என்றாலும் அது நீர்த்தெள்ளுக்கு உணவாவதில்லை. டாஃப்னியா உணவைத் தேடிப் பிடிப்பதில்லை. மார்புக்கால்களில் உள்ள நுண்ணிய முடிவலையால் நீரை இடைவிடாமல் அரித்து, சிக்கியதை வாய்க்குத் தள்ளுகிறது. ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு வரையிலான துகள்களே அதற்கு வசதியானவை. குளிர்காலப் பழுப்பு நீரில் பொதுவாக மிகும் சிறு டயட்டம்களும் (கண்ணாடிபோன்ற ஓடுடைய நுண்பாசிகள்), நுண்ணிய பச்சைப்பாசிகளும் இந்த அளவுக்குள் அடங்கும். கோடையில் வரும் மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சை நுண்ணுயிர், கொழகொழப்பான உறையுள் கூட்டம் கூட்டமாக, சில வேளைகளில் கண்ணுக்கே தெரியும் மணிகளாக மிதக்கிறது. அதை விழுங்க முடியாது. இழைவடிவ நீலப்பச்சைப்பாசிகளோ முடிவலையில் சிக்கிக்கொள்வதால், அந்த விலங்கு அரித்ததையெல்லாம் வெளியே தள்ளிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியிருக்கிறது. உழைப்பு மிகுதி, வரவு சொற்பம். விழுங்கினாலும் நீலப்பச்சைப்பாசிகளில் நீர்த்தெள்ளின் வளர்ச்சிக்குத் தேவையான ஸ்டெரால்கள் என்னும் கொழுப்புப் பொருள்கள் இல்லை. பல வகைகளில் நஞ்சும் உண்டு.

கோழியெருவும் இதற்குத் துணைபோகிறது. சராசரிப் பாசிக்கு எடைக் கணக்கில் ஒரு பங்கு பாஸ்பரசுக்கு ஏழு பங்கு நைட்ரஜன் வேண்டும். கோழியெருவில் பாஸ்பரஸ் அந்த விகிதத்தை விடப் பல மடங்கு மிகுதி. நைட்ரஜன் தட்டுப்படும் நீரில், காற்றிலிருந்தே நைட்ரஜனை எடுத்துக்கொள்ளும் இழைப்பாசிகளுக்கு வாய்ப்பாகிவிடுகிறது.

நம் நாட்டிலேயே இதற்கு நன்கு ஆராயப்பட்ட எடுத்துக்காட்டு ஹார்ட்பீஸ்பூர்ட் அணை. ஜோகன்னஸ்பர்க் பகுதியின் கழிவுநீர்ச் சத்துகள் ஆறுகளின் வழியே சேரும் அந்த நீர்த்தேக்கத்தில், 1980களில் நடந்த ஆய்வுகள், மைக்ரோசிஸ்டிஸ் மேலோங்கும் கோடையில் பெரிய டாஃப்னியா பின்வாங்கி, செரியோடாஃப்னியா முதலிய சிறிய உறவினங்கள் அந்த இடத்தைப் பிடிப்பதைக் காட்டின. ஆகவே உங்கள் தை மாதக் குப்பிகளில் நீர்த்தெள்ளு அறவே இல்லையா, அல்லது உருவில் சிறிய வேறு இனம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். செரியோடாஃப்னியாவின் உடல் உருண்டையாகவும் தலை சிறிதாகவும் இருக்கும். டாஃப்னியாவுக்கு உள்ள நீண்ட வால்முள் அதற்கு இல்லை.

பதில்: மீன்தொட்டிக்காரர், லெனேசியா

மாணவி எழுதியது சரிதான்; ஆனால் மீனைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு உறுத்துகிறது. ஆசிரியர் ஐயா குட்டையில் திலாப்பியாவும் கம்பூசியாவும் இருப்பதாகத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். மொசாம்பிக் திலாப்பியா நீரின் வெப்பம் 20 டிகிரியைத் தாண்டியதும் குஞ்சு பொரிக்கத் தொடங்கி, கோடை முழுவதும் சில வாரங்களுக்கு ஒருமுறை புதிய கூட்டத்தை விட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் குஞ்சுகள் கரையோரத்தில் எதைத் தின்று வளர்கின்றன என்று நினைக்கிறீர்கள்? என் தொட்டியில் ஒரு கரண்டி டாஃப்னியா விட்டால், பெரியவை முதலில் மறையும். கடைசியில் மிஞ்சுவது பொடிசுகள்தான்.

இது தொட்டிக்காரனின் கற்பனையன்று. புரூக்ஸ், டாட்சன் என்ற இருவர் 1965இல் வெளியிட்ட கட்டுரையில் இதையே ஏரிகளில் காட்டினார்கள்: மிதவை உயிர்களைத் தின்னும் மீன் புகுந்த நீரில் பெரிய இனங்கள் அழிந்து சிறியவை தங்குகின்றன. பார்த்து வேட்டையாடும் மீனுக்குப் பெரிய உருவமும், முட்டை சுமந்த கறுத்த முதுகும் முதலில் கண்ணில் படுகின்றன. ஆகவே கோடையில் சிறிய இனம் மேலோங்குவதை மட்டும் வைத்துப் பாசியின் மேல் பழி போட முடியாது. மீன் தின்றாலும் அதே விளைவுதான் வரும். மார்கழியில் கடையிலிருந்து வாங்கி விடுவது என்பது, என் கருத்தில், காசு கொடுத்து மீனுக்குத் தீனி வாங்குவதே.

பதில்: நீரியல் மாணவி

லெனேசியா அண்ணா சொல்லும் மறுப்பு நியாயமானது. பட்டினி, வேட்டை ஆகிய இரண்டும் எண்ணிக்கையைக் குறைக்கும். எண்ணிக்கையை மட்டும் பார்த்து எது என்று சொல்ல இயலாது. ஆனால் முட்டைப்பையைத் திறந்து பார்த்தால் சொல்லலாம். பட்டினியால் சரியும் கூட்டத்தில் பெண்களின் பை வெறுமையாக இருக்கும், அல்லது ஓரிரு முட்டைகளே இருக்கும்; உடலில் மஞ்சள் நிற எண்ணெய்த் துளிகளும் காணப்படா. வேட்டையால் சரியும் கூட்டத்தில் மிஞ்சியவை நன்றாகத் தின்று, பை நிறைய முட்டைகளோடு இருக்கும். ஆனாலும் கூட்டம் பெருகாது.

இதைக் கணக்காகவும் ஆக்கலாம். மாதிரியில் உள்ள மொத்த முட்டைகளை, குஞ்சுகளும் உட்பட மொத்த நீர்த்தெள்ளுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் முட்டை விகிதம் கிடைக்கும். அதனுடன் ஒன்றைக் கூட்டி, இயல் மடக்கை (ln) எடுத்து, முட்டை வளரும் நாட்களால் வகுத்தால் அன்றாடப் பிறப்பு வீதம் வரும். பாலோஹைமோ என்பவர் 1974இல் தந்த சமன்பாடு இது. ஓர் எடுத்துக்காட்டுக்கு, 20 டிகிரி நீரில் 100 நீர்த்தெள்ளுகளுக்கு 200 முட்டைகள் இருப்பதாகக் கொள்வோம். விகிதம் 2, மூன்றின் இயல் மடக்கை 1.1, அதை 3 நாட்களால் வகுத்தால் பிறப்பு வீதம் நாளொன்றுக்கு 0.37. இந்த வேகத்தில் இறப்பே இல்லாவிட்டால் கூட்டம் இரண்டு நாட்களுக்குள் இரட்டிக்கும். ஆனால் அடுத்தடுத்த வாரங்களில் எண்ணிக்கை ஏறாமல் அப்படியே நின்றால், பிறப்புக்கு ஈடாக, நாள்தோறும் இருப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு காணாமல் போகிறது என்று பொருள். நன்றாகத் தின்று கொழுத்த உயிர்கள் அந்த வேகத்தில் தாமாகச் சாவதில்லை. ஏதோ ஒன்று தின்கிறது. அது மீன் குஞ்சாகவும் இருக்கலாம். முதுகுநீச்சல் பூச்சி, தும்பியின் இளம்புழு, கண்ணாடிபோல் உடல் தெரியும் கேயோபோரஸ் புழு ஆகியவையாகவும் இருக்கலாம்.

ஐயா, குப்பிகளை எண்ணும்போது ஒன்றைக் கவனியுங்கள். உயிரோடு இருக்கும் டாஃப்னியாவைப் பாதுகாப்புத் திரவத்தில் போட்டதும், அது துடித்து உடலை வளைக்கும்போது பை திறந்து முட்டைகள் வெளியே கொட்டிவிடும். ஆய்வகங்களில் இதைத் தடுக்கவே ஃபார்மலினில் சர்க்கரை கலக்கிறார்கள். உங்கள் குப்பியின் அடியில் தனியே கிடக்கும் முட்டைகளையும் சேர்த்து எண்ண வேண்டும். இல்லையெனில் வயிறு நிறைந்த கூட்டமும் பட்டினிக் கூட்டம்போல் தோன்றும்.

பதில்: ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

இருவருக்கும் நன்றி. குப்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டில் கவிழ்த்து, அடியில் தங்கியதையும் சேர்த்துப் பார்த்தேன்.

புரட்டாசித் தொடக்கத்துக் குப்பியில் பெரும்பாலான பெண்கள் முதுகு புடைக்க முட்டை சுமந்திருக்கின்றன. அடியிலும் நிறைய உதிர்ந்து கிடக்கின்றன. ஐப்பசித் தொடக்கத்துக் குப்பியில் அப்படியில்லை. உருவங்கள் பெரியவை, ஆனால் பைகள் வெறுமை, அடியிலும் உதிரிகள் மிகச் சில. உடலினூடே குடல் மட்டும் ஒரு வெளிறிய கோடாகத் தெரிகிறது. அவற்றுள் சிலவற்றின் முதுகில் குதிரைச் சேணம்போல் கறுத்த, கெட்டியான ஓர் உறை இருக்கிறது. ஒவ்வொன்றினுள்ளும் இரண்டு உருண்டைகள். சற்றுச் சிறிய உடலும் நீண்ட முன்னுணர்கொம்பும் கொண்ட, ஆண்கள் என்று நான் கருதும் சிலவும் அதே குப்பியில் இருக்கின்றன.

கார்த்திகை முடிவில் எடுத்த குப்பியோ வேறு கதை சொல்கிறது. மொத்தமே சிலதான், எல்லாம் சிறிய உருவம். மாணவி சொன்ன உருண்டை உடல் இனமும் இருக்கிறது. ஆயினும் அந்தச் சிறியவற்றில் பாதிக்கு மேல் முட்டையோடு காணப்படுகின்றன. தை மாதக் குப்பியில் பாசித்துகள்களைத் தவிரச் சொல்லத்தக்கது எதுவும் இல்லை.

பதில்: நீரியல் மாணவி

ஐயா, அப்படியானால் உங்கள் குட்டையில் இரண்டும் அடுத்தடுத்து நடக்கின்றன. ஐப்பசி வீழ்ச்சி பட்டினியால் வந்தது. தெளிந்த நீரே அதற்குச் சான்று. தின்னத்தக்கதைத் தின்று தீர்த்துவிட்டன. நீங்கள் கண்ட சேணம் உறங்குமுட்டைகளின் உறை. நெருக்கடியும் உணவுத் தட்டுப்பாடும் நேரும்போது தாய்கள் ஆண்களை ஈனுகின்றன. கலவியால் கருவுறும் முட்டைகள், பெரும்பாலும் இரண்டு, இந்த உறைக்குள் அடைபட்டுத் தோலோடு கழன்று சேற்றில் அமர்கின்றன. வறட்சியையும் குளிரையும் தாங்கி, தகுந்த வெளிச்சமும் வெப்பமும் வரும்போது பொரிக்கின்றன. பல பத்தாண்டுகள் சேற்றில் கிடந்த முட்டைகளை ஆய்வகங்களில் பொரிக்கவைத்திருக்கிறார்கள். ஆவணியில் உங்கள் கூட்டத்தைத் தொடங்கிவைப்பதில் இவற்றுக்கும் பங்கு இருக்க வேண்டும்.

கார்த்திகையில் எஞ்சியவை முட்டையோடு இருந்தும் பெருகாமல் இருப்பது வேட்டையின் அடையாளம். இங்கே அண்ணாவின் மீன் வாதம் வெல்கிறது. திலாப்பியா குஞ்சுகள் பெருகும் காலமும் அதுவே. தை மாதத்தில் மீனும் மைக்ரோசிஸ்டிஸும் சேர்ந்து நிற்கின்றன. போதாக்குறைக்கு, அடர்ந்த பாசி பகல் வெயிலில் கரியமில வாயுவை உறிஞ்சி நீரின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவை 10க்கு மேல் தள்ளினால், நீரில் உள்ள அம்மோனியம் நச்சு அம்மோனியாவாக மாறும். அந்நேரத்தில் கடையிலிருந்து வாங்கி விடுவதால் பயன் இராது.

சேறு வாருவது பற்றி: அதில் பாஸ்பரஸ் தேங்கியிருப்பதால் ஒரு பகுதியை வாருவது நல்லதே. ஆனால் உறங்குமுட்டைகளும் மேற்சேற்றில்தான் கிடக்கின்றன. ஆவணிக்குச் சற்று முன்பாக முழுவதும் வாரினால் அந்த வசந்தத்தின் விதையே போய்விடும். குட்டையின் ஒரு பாதியை இந்த ஆண்டும் மறுபாதியை மற்றோர் ஆண்டும் வாருங்கள். அதைவிடப் பயன் தருவது, கோழிக்கொட்டகைக்கும் குட்டைக்கும் நடுவே அகன்ற புல்வரிசை விட்டு, கரைந்து வருவதை அங்கேயே மட்டுப்படுத்துவது.

பாசி படரும் மூலையில் நாயோ ஆடோ நீர் குடிக்க விடாதீர்கள். வால் (Vaal) ஆற்று அணையில் 1940களில் மைக்ரோசிஸ்டிஸ் நஞ்சால் கால்நடைகள் பெருமளவில் மடிந்தது இந்நாட்டு வரலாறு. அந்த மாதங்களில் கீரையின் மேல் நீரைத் தெளிக்காமல் வேரடியில் விடுவதே பாதுகாப்பு.

பதில்: டோங்காட் வாசகர்

கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒரு சிறு குறிப்பு. இங்கே குளிர்காலம் பெயரளவுக்குத்தான். மீன் குஞ்சுக்குத் தீனியாக வெளித்தொட்டிகளில் நாங்கள் வளர்ப்பது டாஃப்னியா அன்று, அதன் உறவினமான மொய்னா. உருவம் சிறிது, ஆனால் 25 டிகிரிக்கு மேலும், ஆக்சிஜன் குறைந்த நீரிலும் நன்றாகத் தாங்குகிறது, பிறந்த சில நாட்களிலேயே ஈனத் தொடங்குகிறது. அதற்கும் உணவு தீர்ந்தால் சேணமுட்டை விடும் பழக்கம் உண்டு. தொட்டி காய்ந்தபின் அடித்தூசியில் மறுபடி நீர் ஊற்றினால் போதும். உங்கள் மேட்டுநிலத்துப் பருவ ஒழுங்கை எங்கள் ஊருக்கு அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது.

பதில்: மீன்தொட்டிக்காரர், லெனேசியா

மீன் வாதத்துக்கு இடம் கொடுத்ததற்கு நன்றி, தங்கையே. ஐயாவுக்கு ஒரு யோசனை. கார்த்திகையில் கரையோரம் ஓரிரு சதுர மீட்டர் இடத்தை, மீன் குஞ்சு நுழையாத, நீர்த்தெள்ளு தாராளமாகப் போய்வரும் கண்ணளவுள்ள வலையால் நீருக்கு மேல்வரை அடைத்துவிடுங்கள். வலையை அடிக்கடி தேய்த்துவிடாவிட்டால் பாசி கண்களை அடைத்துவிடும். வாரந்தோறும் உள்ளேயும் வெளியேயும், ஒரே நேரத்தில், ஒரே அளவு நீரை எடுத்து எண்ணுங்கள். பகலில் அடியில் பதுங்கி இரவில் மேலேறும் பழக்கம் இவற்றுக்கு இருப்பதால் நேரத்தை மாற்ற வேண்டாம். உள்ளே பெருகி வெளியே பெருகாவிட்டால் மீன் குஞ்சுகளை வலைபோட்டு எடுப்பதில் பொருள் உண்டு. உள்ளேயும் பெருகாவிட்டால் மீனை விட்டுவிட்டுப் புல்வரிசைக்குச் செலவிடுங்கள்.